ஐந்தடி

வின்னிபெக்கில் ஆலயச் சாவி என்னிடம் இருக்கிறது.
லூத்தரன்காரர் வாடகைக்குத் தந்த இடம்,
ஞாயிறு பின்னேரம் மூன்று முதல் ஆறு வரை.
பனி முழங்கால் மட்டும் கிடந்தாலும்
முதலில் போய்க் கதவைத் திறப்பவன் நான்.
ஹீட்டரைக் கூட்டுவதும் கதிரைகளை விரிப்பதும்
காணிக்கைக் கணக்கும் நானே. பதினொரு வருடம்.

போதகர் வராத வாரங்களில் பிரசங்கமும் எனக்கு.
போன மாதம் பேதுருவைப் பேசினேன்.
வலையை விட்டு வந்தவன், சாவி வாங்கியவன்,
மறுதலித்த அதே வாயால்
கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று பேசியவன்,
ரோமப் படைக்காரன் வீட்டுப் படியேறியவன்.
தலைவன் என்றால் இப்படி, என்று முடித்தேன்.
பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.
ஆலயத்தில் தட்டக் கூடாது.
எனக்குப் பிடித்திருந்தது.

அந்தியோகியாவை மட்டும் விட்டுவிட்டேன்.
நேரம் போதவில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து கீழே, நிலவறையில், சாப்பாடு.
யோவேல் எப்போதும் என் பக்கத்தில்.
இறைச்சி ஆலையில் இரவு வேலை,
விரல் நுனிகளில் குளிர் வெட்டிய கோடுகள்.
மரவள்ளி அவித்துக் கொண்டுவருவான்,
மீன் தலையை உடைத்து
எனக்குப் பாதி வைப்பான். நாலு வருடமாக.

அன்றைக்கு டொராண்டோவிலிருந்து மூன்று பேர்.
பெரிய சபையின் ஆட்கள்,
எங்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்க்க வந்தவர்கள்.
கை கழுவும் இடத்தில் ஒருவர் மெல்லக் கேட்டார்:
"அவர் எவடம்?"
ஊரைச் சொன்னேன்.
"அதில எந்தப் பக்கம்?"

பதில் சொல்லவில்லை நான்.
என் தட்டை எடுத்துக்கொண்டேன்.
ஹீட்டரடியில் இருப்போமே, குளிருது, என்றேன்.
அந்த மேசை ஐந்தடி தூரம்.

மனைவி எழுந்து வந்தாள்.
இம்மானுவேல் குடும்பம் வந்தது.
ஒருவர் மனமும் நோகப் பேசத் தெரியாத
தவமணி மாஸ்டரும், பர்னபாவைப் போல,
தலையைக் குனிந்தபடி வந்தார்.
யோவேல் மீன் தலையை உடைத்தான்.
பாதியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையில் வைத்திருந்தான்.

பெனினா சிட்டி பஸ் ஓட்டுகிறவள்.
போன வருடம் வரைக்கும்
எங்களைப் பேஸ்புக்கில் கிழித்தவள்,
கடைசியாய் வந்து சேர்ந்தவள்.
கறி அகப்பையோடு நின்று கேட்டாள்,
மேலே பியானோ மூடிக்கொண்டிருந்தவனுக்கும் கேட்க:
"அங்கிள், கதவுக்கு ஒரு சாவி,
பந்திக்கு வேற சாவியா?"

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.
பவுலும் தனியாகக் கூப்பிடவில்லை.

அன்றிரவு அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.
பாறை என்று பெயர் வாங்கியவன்
யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து நகர்கிறான்.
முகத்துக்கு நேரே கண்டிக்கப்படுகிறான்.
பிறகு?
எழுந்தானா? மன்னிப்புக் கேட்டானா?
தட்டோடு திரும்பி நடந்தானா,
அவன் விட்டுப்போன இடம் காலியாக இருந்ததா,
யாரும் நகர்ந்து இடம் கொடுத்தார்களா?
எழுதியவன் சட்டம், விசுவாசம் என்று
மேலே ஏறிப் போய்விட்டான்.
அந்த இருக்கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

வியாழக்கிழமை யோவேலுக்கு அழைத்தேன்.
"இரவு வேலை, அண்ணை" என்றான்.
கோபமாகச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
சாவி பூட்டுக்குள் இறுகிவிட்டது.
குனிந்து, வாய் வைத்து ஊதி ஊதித் திறந்தேன்.
நிலவறை மேசைகளை இழுத்து ஒன்றாய்ச் சேர்த்தேன்.
ஒன்றுக்குக் கால் கட்டை,
மட்டையை மடித்து அண்டை கொடுத்தேன்.
டொராண்டோவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது,
இன்னும் உடைக்கவில்லை.

மூன்றேகால்.
படியில் யாரோ சப்பாத்துப் பனியைத் தட்டுகிறார்கள்.
பெனினாவாக இருக்கலாம்.
முதல் தடவையாக நானே அவித்த மரவள்ளியை
விரலால் அமத்திப் பார்க்கிறேன்.
வெளியே வெந்திருக்கிறது.
நடுவில் இன்னும் கல்.